கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட அப்பா

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா 1974-இல் காலமானார். அப்போது இவருக்கு மூன்று வயது. அப்பாவின் நினைவாக வீட்டில் இருப்பது ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான். ஐம்பது வருஷமாகக் கூடத்துச் சுவரில் அதே ஆணியில் தொங்கியது. வீட்டுக்கு வெள்ளையடிக்க அதை இறக்கியபோதுதான், படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்திருக்கிறார்கள். நெற்றியிலிருந்து இடது கன்னம் வரை எண்ணெய் பட்டதுபோல ஒரு திட்டு. ஃப்ரேம் கடையில், கண்ணாடியை உடைத்தால் படம் வந்துவிடும் என்றார்களாம். தம்பி, ஹேர் டிரையரால் சூடு காட்டலாம் என்கிறாராம். சித்தி, ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்கிறாராம். கடிதத்தின் கடைசியில் இன்னொரு கேள்வி: “அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. தினமும் அந்தக் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார். அதனால்தான் இப்படி ஆயிற்றா? வைக்க வேண்டாம் என்று சொல்லலாமா?”

படம் போய்விடவில்லை. முதலில் அந்தக் கவலையை விடுங்கள். ஒட்டிக்கொள்ளப் பல வருஷங்கள் எடுத்துக்கொண்ட படம், இன்னும் இரண்டு மாதம் அப்படியே இருந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட மூன்று யோசனைகளில் எதைச் செய்தாலும் அன்றைக்கே கெடும். பழைய புகைப்படங்களைப் பாதுகாத்துச் செப்பனிடுவது என் தொழில். என் மேசைக்கு வருகிற படங்களில் வயதானதால் கெட்டவற்றைவிடக் கைவைத்தியத்தால் கெட்டவையே அதிகம் என்று தோன்றும். அவற்றில் அலட்சியத்தால் செய்யப்பட்டது ஒன்றுகூட இருக்காது. எல்லாம் பிரியத்தால் செய்தவை.

படம் ஏன் ஒட்டுகிறது என்று தெரிந்தால் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது தானே விளங்கும். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தில் மூன்று அடுக்குகள் உண்டு. அடியில் தாள். அதன்மேல் பேரியம் சல்பேட் (வெண்மைக்காகப் பூசும் ஒரு தாதுப்பொடி). அதற்கும் மேலே ஜெலட்டின் (கால்நடைகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் பசைப்பொருள்; ஜெல்லி செய்யப் பயன்படுவதும் இதுவே). இந்த ஜெலட்டினுக்குள் மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் புதைந்திருக்கின்றன. உங்கள் அப்பாவின் மீசையிலும் புருவத்திலும் தெரிகிற கறுப்பெல்லாம் வெள்ளிதான்.

ஜெலட்டினுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் அப்பளம் நமுத்துப்போவதுபோல இதுவும் நமுக்கும். லேசாக உப்பி, பிசுபிசுக்கும். பங்குனி வெயிலில் மறுபடி இறுகும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65-ஐத் தாண்டிவிட்டால் இதற்கு ஆபத்துக் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கடலோர ஊர்களிலும் காவிரிப் படுகையிலும் வருஷத்தில் பல மாதங்கள் அப்படித்தான். அந்த நேரத்தில் ஜெலட்டின் பரப்பின்மேல் கண்ணாடி அழுத்திக்கொண்டிருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நம்மூரில் ஃப்ரேம் போடுகிற முறை இதற்குத் தோதானது. கண்ணாடி, அதை ஒட்டிப் படம், பின்னால் பழைய காலண்டர் அட்டையோ நாலாக மடித்த செய்தித்தாளோ, அதற்குப் பின்னால் ஹார்டுபோர்டு, சுற்றிலும் ஆணி. படத்துக்கு மூச்சுவிட இடமே இல்லை. ஃப்ரேம் மாட்டிய சுவர் மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவர் என்றால் பின்புறத்திலிருந்தும் ஈரம் வரும்.

ஒட்டியிருக்கிறதா இல்லையா என்பதைக் கழற்றாமலே பார்க்கலாம். படத்தை ஜன்னலோரம் எடுத்துப்போய்ச் சாய்த்துப் பிடியுங்கள். ஒட்டிய இடம் கருமை கூடி, ஈரம்போல மினுங்கும்; ஒட்டாத இடம் சற்று மங்கலாகத் தெரியும். அப்படியே வேறு அறிகுறிகளையும் பார்த்துவிடுங்கள். கறுப்பான பகுதிகளில், முக்கியமாக ஓரங்களில், நீலம் கலந்த கண்ணாடிப் பளபளப்புத் தெரிந்தால் அது பூஞ்சையல்ல. உள்ளேயிருந்த வெள்ளி காற்றிலுள்ள வாயுக்களால் கரைந்து மேற்பரப்புக்கு வந்து படிந்திருக்கிறது. வெள்ளிக் குங்குமச்சிமிழ் கறுப்பதும் இதுவும் பங்காளிகள்தாம். அதற்காகச் சிமிழைத் துலக்குவதுபோல விபூதியோ பற்பசையோ போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்துக் கொண்டுவந்த ஒரு படத்தில் கோட்டும் டையும் அப்படியே இருந்தன, கழுத்துக்கு மேலே வெறும் தாள். படம் முழுக்க மஞ்சளித்திருந்தால், கழுவும்போது ஹைப்போ (படத்தை நிலைப்படுத்தும் உப்பு) முழுதாகப் போகவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அன்றைக்கு ஸ்டூடியோவில் தண்ணீர்த் தட்டுப்பாடாக இருந்திருக்கலாம். மஞ்சளை நீக்க வீட்டில் வழியில்லை. பஞ்சுபோல, சிலந்தி வலைபோலப் படர்ந்திருப்பதுதான் பூஞ்சை.

இப்போது அந்த மூன்று யோசனைகள். கண்ணாடியை உடைத்தால் ஒவ்வொரு சில்லும் முகத்தில் ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு வரும். சூடு காட்டினால் ஜெலட்டின் சுருங்கி வெடிக்கும். ஒட்டியது இன்னும் கெட்டிப்படும். ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்த தண்ணீர்ப் பாட்டில் வியர்க்கிறதே, அதுபோலக் கண்ணாடியும் வியர்க்கும். எந்த ஈரத்தால் ஒட்டிற்றோ அதே ஈரத்தை நாமே கொண்டுவந்து சேர்த்தவர்கள் ஆவோம். தண்ணீரில் ஊறவைத்தால் சில கறுப்பு வெள்ளைப் படங்கள் கண்ணாடியை விட்டு வருவது உண்மை. ஆனால் பூஞ்சை அரித்த ஜெலட்டின் தண்ணீரில் கரைந்தே போகும், கையால் வண்ணம் தீட்டிய படத்தில் சாயம் ஓடும். எது ஊறவைக்கத்தக்கது என்று சொல்லப் பழகிய கண் வேண்டும். அந்தப் பரிசோதனையை ஒரே ஒரு படத்தில் செய்யக்கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஃப்ரேமின் பின்பக்கத்து ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாக எடுங்கள், சுத்தியல் வேண்டாம். ஹார்டுபோர்டு, அட்டை, செய்தித்தாள் எல்லாவற்றையும் அகற்றுங்கள். தாள் படத்தின் முதுகில் ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். படமும் கண்ணாடியும் ஒன்றாகவே இருக்கட்டும். அந்த நிலையிலேயே நல்ல பிரதி எடுக்க முடியும். சொல்லப்போனால் ஒட்டிய இடத்தில் நடுவே காற்று இல்லாததால் மற்ற இடங்களைவிடத் தெளிவாகவே பதிவாகும். கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும்படி ஸ்கேனரில் வைத்து, அங்குலத்துக்கு 600 புள்ளிகளாவது இருக்கும்படி எடுக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் அளவுப் படம் என்றால் 1200. ஒரு எச்சரிக்கை: இப்போது கடைகளில் இருக்கும் ஒல்லியான ஸ்கேனர்கள் பல, தம் கண்ணாடியோடு ஒட்டியிருப்பதை மட்டும்தான் கூர்மையாகப் படிக்கும். படத்தின் கண்ணாடிக் கனம் இரண்டு மில்லிமீட்டர் தள்ளினாலே மங்கிவிடும். கனமான பழைய மாதிரி ஸ்கேனர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஸ்கேனர் கிடைக்காவிட்டால் கேமராவே போதும். வெயில் நேரடியாக விழாத ஜன்னலருகே படத்தைச் சாய்த்து வையுங்கள். ஃபிளாஷை அணையுங்கள். ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியே எடுங்கள். கண்ணாடியில் உங்கள் கையும் செல்போனும் பிரதிபலிக்காது. கிட்டப்போய் எடுக்காமல் இரண்டடி தள்ளி நின்று கொஞ்சம் ஜூம் செய்து எடுத்தால் ஓரங்கள் வளையாது. பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள். ஸ்டூடியோவின் முத்திரை, தேதி, பென்சிலில் போட்ட எண் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

அசலைக் கண்ணாடியோடு சேர்த்து, பளபளப்பில்லாத வெள்ளைத் தாளில் சுற்றி, படுக்கைவாட்டில் பீரோவுக்குள் வையுங்கள். பாலிதீன் உறையில் போடாதீர்கள். உள்ளே சிக்கும் ஈரம் வெளியே போகாது. பரண் கூடாது, ஓட்டுச் சூடு இறங்கும். பிரித்தெடுத்தே ஆகவேண்டும் என்று குடும்பம் நினைத்தால் புகைப்படத் தாள்களைக் கையாளத் தெரிந்த பாதுகாப்பாளரிடம் (பழம்பொருள்களைச் செப்பனிடப் பயிற்சி பெற்றவர்) போங்கள். பெங்களூரில் இன்டாக் அமைப்பு கலைப்பொருள் பாதுகாப்பு மையம் ஒன்றை நடத்துகிறது. பிரிக்காமலே விடுவதும் கௌரவமான முடிவுதான். நானே பலருக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

சுவரில் இனி மாட்டுவது பிரதியாக இருக்கட்டும். வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பிரதி எடுக்கும்போது பிக்மெண்ட் மையில் (நுண்பொடியால் ஆன, வெளிச்சத்தைத் தாங்கும் மை) அச்சிடச் சொல்லுங்கள். சாதாரண மை கூடத்து வெளிச்சத்தில் சில வருஷங்களில் வெளிறிவிடும். ஃப்ரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் மவுண்ட் (நடுவில் ஜன்னல் வெட்டிய கனத்த அட்டை) வைக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி முதலிலேயே இருந்திருந்தால் இந்தக் கடிதம் எழுதவே நேர்ந்திருக்காது. ஃப்ரேமின் அடி மூலைகள் இரண்டிலும் பின்பக்கம் சிறிய கார்க் துண்டு ஒட்டினால் சுவரிலிருந்து விலகி நிற்கும், காற்று ஓடும்.

இனி, கடிதத்தில் போகிறபோக்கில் வந்த ஒரு சொல்லைப் பற்றி. “ஒரே ஒரு படம்” என்கிறீர்கள். இந்தச் சொல்லை நான் உடனே நம்புவதில்லை. உங்கள் பெற்றோருக்கு 1960-களின் பிற்பகுதியில் கல்யாணம் நடந்திருக்கும். அந்த ஆல்பம் அம்மாவின் பிறந்த வீட்டில் இருக்கிறதா? அப்பா போய்வந்த மற்றவர்களின் கல்யாணங்களில் எடுத்த குரூப் படங்கள்? பள்ளி இறுதி வகுப்புப் படம், அலுவலகத்தில் யாரோ ஓய்வுபெற்ற நாளில் எடுத்தது, சைக்கிள் ஸ்டாண்டருகே நண்பர்களோடு எடுத்தது? அவர் கூட்டாளிகளின் பிள்ளைகளைக் கேளுங்கள். மற்றவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் நம் அப்பா பெயர் தெரியாத ஆளாக இரண்டாம் வரிசையில் நின்றுகொண்டிருப்பார். படத்தின் பின்னால் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அந்த ஊரில் விசாரியுங்கள். எண் இருந்தால் அது நெகட்டிவின் எண்ணாக இருக்கலாம். நெகட்டிவ் கிடைத்தால் அச்சுப் படத்தில் காணாத நுணுக்கங்கள்கூட அதில் இருக்கும். ஸ்டூடியோக்கள் பலவும் மூடியபோது நெகட்டிவ்கள் குப்பைக்குப் போயின என்பது வருத்தமான உண்மை. எஞ்சிய ஸ்டூடியோப் படங்கள் சிலவற்றையாவது காப்பாற்றப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் தேடி எடுத்து மின்பதிவு செய்திருக்கிறது.

தேடும்போது சில வீடுகளில் ஒருவகைப் படம் கிடைக்கும். இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, சுற்றிலும் குடும்பத்தார் நின்று எடுத்த படம். இளையவர்கள் பதறிப்போய்க் கிழித்துவிடச் சொல்கிறார்கள். கிழிக்காதீர்கள். படமெடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்தவர்கள் இருந்த காலம் அது. சிலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுவாகவே இருக்கும். தனி உறையில் போட்டு, என்ன படம் என்பதை வெளியே எழுதிவிடுங்கள். பார்க்க விரும்பாதவர் தவிர்த்துக்கொள்ளலாம்.

எழுதுவது என்றதும் நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன். ஒருமுறை என்னிடம் வந்த ஒரு படத்தில், மடிசார் கட்டிய ஐம்பது வயது அம்மாள் மோடா ஒன்றில் உட்கார்ந்திருக்கிறார். முதுகில் நீல மசியில் மூன்று சொற்கள்: “அத்தை, திருவையாறு, 1962.” கொண்டுவந்தவர் அதை அப்பாவின் அத்தை என்று நினைத்திருந்தார். அவருடைய அண்ணன், அம்மாவின் அத்தை என்றார். நம் உறவுப் பெயர்களின் குணம் அப்படி. சொல்கிறவர் மாறினால் ஆளே மாறிவிடுவார். நம் அத்தை அம்மாவுக்கு நாத்தனார், தாத்தாவுக்கு மகள். அது போதாதென்று மாமியாரையும் மாமாவின் மனைவியையும் அத்தை என்று அழைக்கிற வீடுகள் உண்டு. கடைசியில் பழைய இன்லண்ட் கடிதம் ஒன்றை எடுத்துவந்து கையெழுத்தை ஒப்பிட்டார்கள். எழுதியவர் தாத்தா. ஆகவே படத்தில் இருப்பவர் தாத்தாவின் அத்தையோ, மாமியாரோ, மாமாவின் மனைவியோ. வயதைப் பார்த்தால் மாமியாராக இருக்க இடமில்லை. பெயர் இன்றுவரை தெரியாது. படத்தில் பழுதே இல்லை, மூக்குத்தியின் கல்கூடத் தெரிகிறது. யாரென்றுதான் தெரியவில்லை.

அதனால் உறவுமுறையை மட்டும் எழுதாதீர்கள். இன்னார், இன்னாரின் மகள், இன்ன ஊர், எழுதுகிற எனக்கு என்ன உறவு, எழுதிய நான் யார், என்றைக்கு எழுதினேன். இவ்வளவும் வேண்டும். பால்பாயிண்ட் பேனா தாளை அழுத்திப் படத்தின் முகத்தில் தழும்பு எழுப்பும், ஸ்கெட்ச் பேனாவின் மை ஊறும். படத்தைக் கவிழ்த்துக் கெட்டியான சுத்தமான மேசைமேல் வைத்து, மிருதுவான பென்சிலால் ஓரத்தில் மட்டும் எழுதுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள பிற்காலத்துத் தாளில் பென்சில் பிடிக்காது. அப்படியானால் உறைமேல் முதலில் எழுதிவிட்டுப் பிறகு படத்தை உள்ளே போடுங்கள்.

எண்பத்திரண்டு வயது அம்மாவை உட்காரவைத்துப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். செல்போனில் ஒலிப்பதிவு ஓடட்டும். இது யார் என்று எடுத்ததும் கேட்காதீர்கள். வயதானவர்களுக்குப் பெயர் உடனே வராது, வராததில் ஒரு சங்கடம் வேறு. இந்தப் புடவை எங்கே எடுத்தது, இந்த அட்டிகை யாருடையது, இது எந்த வீட்டுத் திண்ணை என்று கேளுங்கள். புடவையைப் பிடித்தால் பெயர் தானே வரும். ஒரு நாளைக்குப் பத்துப் படத்துக்கு மேல் வேண்டாம்.

குரூப் படத்தில் அப்பா கிடைத்துவிட்டால் அந்த முகத்தைப் பெரிதாக்கத் தோன்றும். இயல்புதான். முகம் ஒரு மிளகளவுதான் இருக்கும். அதைச் செல்போன் செயலியில் போட்டால் அரை நிமிஷத்தில் பளிச்சென்று ஒரு முகம் வந்து நிற்கும். அங்கே கவனம் தேவை. மிளகளவு முகத்தில் இல்லாத தகவலை எந்த மென்பொருளும் கண்டுபிடிக்க முடியாது. பல்லாயிரம் பிற முகங்களிலிருந்து கற்றதை வைத்து இட்டுநிரப்பும். மச்சத்தை அழுக்கென்று துடைத்துவிடும், லேசான மாறுகண்ணை நேராக்கிவிடும், தெற்றுப்பல்லை வரிசைப்படுத்தும். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பிபோல ஒருவர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார். மூன்று வயதில் அப்பாவை இழந்த ஒருவர் அந்த முகத்தையே நிஜமென்று மனத்தில் பதித்துக்கொண்டால் பிறகு திருத்த வழியில்லை. வண்ணமேற்றுவதும் இப்படித்தான். புடவை சிவப்பா பச்சையா என்பது செயலிக்குத் தெரியாது. ஆரம்பகாலத் தகடுகள் சிவப்பை உணரவே செய்யாததால் சிவப்பெல்லாம் கறுப்பாகவே விழுந்திருக்கும். முன்பும் ஸ்டூடியோக்களில் ஓவியர்கள் படத்துக்கு வண்ணம் தீட்டினார்கள்தான். அவர்கள் வீட்டாரிடம் கேட்டுத் தீட்டினார்கள். ஆசைப்பட்டால் செய்துகொள்ளுங்கள், ஆனால் திருத்தப்படாத ஸ்கேனைத் தனியே வைத்து, மாற்றிய கோப்பின் பெயரிலேயே “மாற்றியது” என்று சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உங்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். உங்கள் அப்பாவின் கறுப்பு வெள்ளைப் படத்தைவிட உங்கள் கல்யாண ஆல்பம்தான் அவசர கவனிப்பைக் கேட்கிறது. வெள்ளி உலோகம், தாங்கும். வண்ணப் படத்தில் இருப்பது சாயம். 1970, 80-களின் பல வண்ணப் படங்களில் நீலச் சாயம் இருட்டுப் பெட்டிக்குள் இருந்தபடியே மங்கும். அதனால்தான் அந்தக் காலப் படங்கள் செம்மண் படிந்ததுபோல ஆகிவிட்டன. அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பிசின் கோடு போட்ட பக்கத்தில் படத்தை வைத்து மேலே பிளாஸ்டிக் தாளை மூடும் ஆல்பமாக இருந்தால், படத்தை மூலையைப் பிடித்து இழுக்காதீர்கள். மெழுகு பூசாத மெல்லிய நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் இடையே விட்டு மெல்ல அறுத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் விடும். விடாவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிட்டு நிறுத்துங்கள். லேமினேஷன் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். உருகிய பிளாஸ்டிக்கைப் படத்தோடு சேர்த்த பிறகு பிரிக்க யாராலும் முடியாது. கிழிசலுக்குச் செலோ டேப்பும் அப்படியே. நெகட்டிவ் உறையைத் திறந்ததும் புளித்த காடி வாசனை அடித்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

ராமபாணப் பூச்சிக்கு மைதாப் பசையும் ஜெலட்டினும் விருந்து. அதற்காக அந்துருண்டையைப் படப்பெட்டிக்குள் போடாதீர்கள். அதன் ஆவி படங்கள்மேலும் பிளாஸ்டிக்மேலும் படியும்; கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அது நல்லதுமல்ல. பச்சை வேப்பிலை ஈரத்தைத்தான் கொண்டுவரும். மூடி இறுக்கமான பெட்டி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிற பழக்கம், இவை போதும்.

வெள்ளம் புகுந்த வீடுகளுக்கு விதி வேறு. 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் வடிந்தபிறகு பலர் ஆல்பத்தை அப்படியே மொட்டைமாடி வெயிலில் வைத்தார்கள். பக்கங்கள் செங்கல்லாக இறுகிவிட்டன. நனைந்த படங்கள் பிரியும்வரை நனைந்தே இருக்கவேண்டும். சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக அலசிப் பிரித்து, முகம் மேலே பார்க்க, பருத்தித் துணியில் நிழலில் உலர்த்துங்கள். இரண்டு நாளுக்குள் முடியாத அளவு நிறைய இருந்தால் இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் போட்டு அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். சித்தி சொன்ன வைத்தியத்துக்கு இங்கே இடம் உண்டு, கண்ணாடிப் படத்துக்கு இல்லை.

அண்மைக் காலத்தில் துக்க வீடுகளிலிருந்து வேறுவகைக் கேள்வி வருகிறது. இறந்தவரின் படங்களெல்லாம் அவருடைய செல்போனில், செல்போனோ பூட்டிக் கிடக்கிறது. அதை அவசரப்பட்டு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். அந்த எண்ணுக்கு ரீசார்ஜை நிறுத்தாதீர்கள். கணக்குகளைத் திறக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். கூகுள் இரண்டு வருஷம் தொடாத தனிநபர் கணக்கை அதிலுள்ள படங்களோடு நீக்கிவிடலாம். வாட்ஸப் பொதுவாக 120 நாள் பயன்படுத்தாத கணக்கை நீக்கிவிடும். இருப்பவர்கள் இன்றே செய்யக்கூடியது, தமக்குப் பின் கணக்கு யாருக்குப் போகவேண்டும் என்பதைக் கூகுள், ஆப்பிள் இரண்டிலும் குறிப்பிட்டு வைப்பது. அதற்கான வசதி அமைப்புப் பகுதியிலேயே இருக்கிறது. ஸ்கேன் செய்த படங்களை வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். மூன்று பிரதிகள், அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்கும் தம்பி வீட்டில். ஹார்டு டிஸ்க்கைப் பொங்கலுக்குப் பொங்கல் திறந்து பாருங்கள், போகியன்று தூக்கிப்போட்டுவிடாமல்.

கடைசியாக, அம்மாவின் பொட்டு. குற்றம் பொட்டின்மேல் இல்லை. இடைவெளி இல்லாமல் ஃப்ரேம் போட்டதும் சுவரின் ஓதமுமே முதல் காரணங்கள். காய்ந்த சந்தனத்தைத் துடைக்க ஈரத்துணி போட்டபோது கண்ணாடியின் கீழ்விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கலாம். வாடும்வரை விட்ட பூமாலையும் கொஞ்சம் ஈரம் கொடுத்திருக்கும். இவை துணைக் காரணங்கள்தாம். ஐம்பது வருஷமாக ஒருவர் காலையில் செய்கிற காரியத்தை ஒரு தாளுக்காக நிறுத்தச் சொல்லவேண்டாம். “உன்னால்தான் கெட்டது” என்று தொனிக்கும் எந்தப் பேச்சும் வேண்டாம். அதே அளவில், அதே மாதிரி ஃப்ரேமில் பிரதியைப் போட்டு அதே ஆணியில் மாட்டுங்கள். இது பிரதி என்பதை அம்மாவிடம் மறைக்காதீர்கள். அசலை எடுத்து அவர் மடியில் வைத்து, எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பதைக் காட்டிவிட்டு வையுங்கள். சந்தனம் குங்குமம் எப்போதும்போல நடக்கட்டும். துடைக்க உலர்ந்த துணி, தேவையென்றால் துணியில் மட்டும் இரண்டு சொட்டுத் தண்ணீர். விளக்கு ஓரடி தள்ளி இருக்கட்டும்.

ஃப்ரேமை மூடும் முன் பிரதியின் முதுகில் பென்சிலால் அப்பாவின் முழுப் பெயரையும் அவர் தகப்பனார் பெயரையும் ஊரையும் எழுதி, அதன் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: “இது பிரதி. அசல் மர பீரோவில், மேல்தட்டில், இடது ஓரம், கண்ணாடியோடு இருக்கிறது. பிரிக்க முயல வேண்டாம்.”